டிரைவர் இல்லை

காலை நான்கு ஐந்து. பியெல் டிப்போவில்
பதினேழு மின்பேருந்துகள் கொம்பு தாழ்த்தி நிற்கின்றன.
கம்பியில் மின்சாரம் இருக்கிறது. ஓட்ட ஆள் இருக்கிறது.
யாருக்கு எந்த வண்டி என்று சொல்லும் பெட்டி மட்டும்
கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு துடிக்க
வாயடைத்துப்போயிருக்கிறது.

"என்ன குறை?" என்கிறாள் போனில் மோசிமான்,
தூக்கமும் கோபமும் சரிபாதியாக.
டிரைவர் இல்லை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
காப்பிக் கோப்பைகளோடு இருபத்துமூன்று டிரைவர்கள்.

இந்தச் சிலேடை தமிழில்தான் எடுபடும்.
ஜெர்மனில் அவர்கள் ஷொஃபெர், இது ட்ரைபர், மந்தை ஓட்டுகிறவன்.
பிரெஞ்சில் இதைப் பிலோத் என்பார்கள், ஏதோ கப்பலைச் செலுத்துவதுபோல.
இரண்டு மொழி பேசும் ஊரில்
மூன்றாவதில் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

பொத்தானை மறுபடி அழுத்துகிறேன்.
விழிக்கும்போது அதற்கு எதுவும் தெரியாது,
தான் கணினி என்பதுகூட.
பலகையில் பதிந்த சில வரிகள் எழுந்து
வட்டின் முதல் துண்டைத் தூக்கி வந்து
ஏழு-சி-பூஜ்யம்-பூஜ்யம் என்ற கதவிலக்கத்தில் இறக்கிவிட்டு
ஒதுங்கிக்கொள்கின்றன.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்.
தமிழில் ஓர் எழுத்துக்கு மூன்று, புள்ளி வைத்தால் ஆறு.
இந்தக் கவிதையின் முதல் பத்தி அதற்குள் அடங்காது.
அந்தச் சின்னதுக்கு ஒரே ஒரு வேலை:
தன்னைவிடப் பெரியவனைக் கூட்டிவந்து
இடத்தைக் காலி செய்வது.
அவன் இன்னும் பெரியவனை.
இப்படித்தான் தினமும் ஒரு நகரம் எழுகிறது.

சிக்கல் இங்கே:
வட்டைப் படிக்க டிரைவர் வேண்டும்.
டிரைவர் வட்டில் இருக்கிறது.
பெட்டிச் சாவி பெட்டிக்குள்.
இதை அறிந்த யாரோ ஒரு புண்ணியவான்
பயணம் புறப்படும்போதே கையில் ஒரு
கட்டுச்சோற்று மூட்டை கொடுத்தனுப்ப வழி செய்தான்.
முதல் சில நொடிகளின் பசிக்கு
நாலைந்து டிரைவர்கள், சுருட்டி இறுக்கிக் கட்டியவை.

அவிழ்த்துப் பார்த்தேன்.
எலியை வைத்துக் கட்டியிருந்தால்கூடச் சத்தம் கேட்டிருக்கும்.
இருந்தது பழைய அட்டையின் டிரைவர்.
அந்த அட்டையை நேற்று மாலை கழற்றி
மின்கழிவுத் தொட்டியில் போட்டது நான்.
புதியதை மாட்டினேன். விளக்கு எரிந்தது.
மூட்டையை மாற்றிக் கட்ட மறந்து
ஏழு இருபது ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

இதை மோசிமானிடம் சொல்லவில்லை.

நான்கு முப்பத்தொன்று. சட்டைப் பையில் கிடந்த குச்சியிலிருந்து
வேறொரு உயிரைக் கடன் வாங்கி எழுப்பி,
அதன் வழியாக உள்ளே போய்,
மூட்டையைக் கொட்டிவிட்டு
சரியானதை வைத்து
இரண்டு முறை எண்ணிப் பார்த்துக் கட்டினேன்.
விரல் நடுங்கியது. ஹீட்டர் இல்லாத அறை,
ஜூராவிலிருந்து இறங்கும் பிப்ரவரி.

வரிகள் ஓடத் தொடங்கின,
படிக்க முடியாத வேகத்தில்.
ஒன்றை மட்டும் கண் பிடித்தது:
பயன்படாத நினைவகம் விடுவிக்கப்படுகிறது.
ஏற்றிவிட்டவர்கள் நின்ற இடம் அது.
இனி அங்கே யாராவது
நாலாம் எண் வண்டியின் நேரத்தை எழுதிவைப்பார்கள்.

நான்கு நாற்பத்தெட்டு. பெயர்கள் வந்தன.
வெளியே கொம்புகள் ஒவ்வொன்றாக எழும்பிக்
கம்பியைத் தொட, நீலமாக ஒரு பொறி.
டிரைவர்கள் கண்ணாடியை ஒட்டியே நடந்துபோனார்கள்.
கடைசியில் வந்த வுவாரோல் மட்டும்
கதவைத் தட்டித் தலையை நீட்டினார்.
நன்றிதான் சொல்ல வருகிறார் என்று நாற்காலியைத் திருப்பினேன்.
"காப்பி மெஷினையும் நீங்கள்தானே பார்க்கிறீர்கள்?"

போய் அதன் சுவிட்சை அணைத்துப் போட்டேன்.
சற்று நேரம் யோசித்தது, தன் முதல் துண்டைத் தேடி.
பிறகு இரண்டு மொழியிலும் சொன்னது:
பால் இல்லை.